கணக்குத் தீராத மரணங்கள்

வேதக் கதை ஒன்றில், எந்தோர் ஊரில் குறிசொல்லும் பெண்ணொருத்தி, சவுல் ராஜாவுக்காக, இறந்துபோன சாமுவேலை எழுப்புகிறாள். வந்தவர் எரிச்சலோடு பேசுகிறார்: நாளை நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். கவனியுங்கள், கடவுள் கைவிட்ட அரசனும் அவருக்குப் பிரியமான தீர்க்கதரிசியும் போய்ச் சேருவது ஒரே இடம்!

அதுதான் பாதாளம். எபிரேய வேதத்தின் பெரும்பகுதிக்கு வேறு மறுமை தெரியாது. நல்லவனுக்கான பரிசு நீண்ட ஆயுள், பிள்ளைகள், விளைச்சல், எல்லாம் இங்கேயே.

கி.மு. 167-இல் அந்தக் கணக்கு உடைந்தது. அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க அரசன் யூதர்களின் விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். கட்டளையைக் காத்தவர்கள் செத்தார்கள், மீறியவர்கள் பிழைத்தார்கள். மண்ணுக்குள் உறங்குவோரில் பலர், சிலர் வாழ்வுக்கும் சிலர் நிந்தைக்குமாக, எழுவார்கள் என்று தானியேல் நூல் சொல்வது அந்த ஆண்டுகளில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஓர் இளைஞன் கைகளை வெட்டுக்கு நீட்டுகிறான், கடவுளிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெறுவேன் என்று. அவனுக்கு ஆன்ம சாந்தி போதவில்லை, கை வேண்டும்.

இறந்தோர் எழுவார்கள் என்ற இந்த எண்ணம் பாரசீகரிடம் கற்றது என்பாரும் உண்டு. இருக்கலாம். ஏனோக்கின் நூல் இதற்கும் முன்பே இறந்தோரைத் தனித்தனி அறைகளில் பிரித்து வைத்திருந்தது. ஆனால் ஓர் ஊகத்தை உயிர்போகும் நம்பிக்கையாக்கியது அந்தப் படுகொலைதான் என்று எனக்குப் படுகிறது.

யூதர்களில் ஆலயத்தை ஆண்ட சதுசேயர் பிரிவினர் கடைசிவரை உயிர்த்தெழுதலை ஏற்கவில்லை. பரிசேயர் என்ற பிரிவினர் ஏற்றார்கள், இயேசுவை அறிவித்த பவுலும் பரிசேயர்தான். யுகமுடிவில் எல்லோருக்கும் நடக்கவேண்டியது இயேசு ஒருவருக்கு முன்னதாகவே நடந்துவிட்டது என்பது அவருடைய செய்தி. முடிவோ தள்ளிக்கொண்டே போனது. அதுவரை இறந்தவர்கள் எங்கே? கிரேக்கர்களின் அழியா ஆன்மா இங்கே கைகொடுத்தது. அரைகுறைப் பாவிகளுக்கான உத்தரிக்கிற ஸ்தலம் 12-ஆம் நூற்றாண்டில் ஒரு தனி இடமாகவே உருப்பெற்றது. லூதருக்குப் பின் சீர்திருத்தச் சபைகள் அதைத் தள்ளிவிட்டன.

எபிரேயத்தில் நரகத்துக்குப் பெயர் தந்த இன்னோம் பள்ளத்தாக்கு எருசலேமுக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. அது ஊர்க்குப்பை எரிந்த இடம் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைக்கு சுமார் கி.பி. 1200-க்கு முந்தைய சான்று கிடையாது. அங்கே பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதாக வேதம் சொல்கிறது, அதுவே போதாதா?

யூத ரபிகள் நரகத் தண்டனைக்கு 12 மாத வரம்பு வைத்தார்கள். ஆனாலும் பெற்றோருக்கான கடிஷ் ஜெபத்தை மகன் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். முழு ஆண்டும் சொன்னால், அப்பாவுக்கு முழுத் தண்டனை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே!