ஆவடிக் காவலரின் கணக்கு எங்கே?

ஆவடியிலே இரண்டு பயிற்சிக் களங்கள் உண்டு. ஒன்று, 1957இல் தோன்றிய முருகப்பா பாலிடெக்னிக். மற்றொன்று, தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிவகுப்புத் திடல். முதலாவதிலே மூன்றாண்டு படித்து டிப்ளமோ வாங்கிய இளைஞன் பொறியியல் கல்லூரி வாயிலில் போய் நின்றால், "தம்பி, உனக்கு முதலாண்டு தேவையில்லை, நேரே இரண்டாமாண்டில் உட்கார்!" என்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேரை என்ஜினீயராக்கிய ஏற்பாடு.

இரண்டாவது களத்திலே வெயிலில் வெந்து, வியர்வையில் குளித்து, பகலில் கவாத்தும் வகுப்பும், இரவில் சட்டப் புத்தகமுமாகக் காலம் கழித்து வெளிவருகிற காவலர், பட்டப் படிப்புக்கு மனுப் போட்டால் என்ன சொல்கிறார்கள்? முதலாண்டு, முதல் பாடம், முதல் பக்கம்!

ஏனய்யா இந்த வேற்றுமை? பட்டறையிலே கடைசல் பிடித்தவன் கற்றவன்; 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாகப் படித்துப் பிரிவு பிரிவாக நினைவில் வைத்திருப்பவன் கல்லாதவனா?

"காவலருக்குப் பட்டம் எதற்கு? பெயருக்குப் பின்னால் போட்டுக் கொள்ளவா?" என்று கேட்கும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வோம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேரப் பத்தாம் வகுப்புப் போதும். ஆனால் சப் இன்ஸ்பெக்டர் தேர்வை நேரடியாக எழுதப் பட்டம் வேண்டும். அந்தத் தேர்விலே துறையில் பணியாற்றுவோருக்கென்று நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கியும் இருக்கிறார்கள். இடம் இருக்கிறது, ஏணி இருக்கிறது. ஏணியின் முதற்படி பட்டம். 2022 ஜனவரி முதல் நாளன்று ஆவடிக்கென்று தனிப் போலீஸ் கமிஷனரகம் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ரோந்து போகிறவரும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்று கை காட்டுகிறவரும் அதன் கீழேதான் வருகிறார்கள். பந்தோபஸ்து முடிந்து வீடு திரும்பும் அந்த மனிதர் படிப்பதற்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஓராண்டு குறைந்தால், அது ஓராண்டா? அவர் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும் காலமல்லவா!

சீருடைப் பயிற்சிக்குக் கல்வி மதிப்புத் தருவது வழக்கமில்லை என்பாரும் உளர். பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலை என்ன, ஈழத்திலா இருக்கிறது? அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று தோளில் நட்சத்திரம் ஏற்றுகிறவர்களுக்கு, அந்தப் பயிற்சிக்காகவே சென்னைப் பல்கலைக் கழகம் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்புக் கழக மாணவருக்கு டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகம் பட்டமே தருகிறது. அதிகாரிக்கு மட்டும் என்றும் இல்லை. 2022 ஜூனில் அக்னிவீரர் திட்டம் வந்தபோது, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டம் தரும் என்றும், அதிலே பாதி மதிப்பு அவர்கள் படையில் பெறும் பயிற்சிக்கே என்றும் மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. நான்காண்டு துப்பாக்கி பிடிப்பவருக்குப் பாதிப் பட்டம். நாற்பது வயது வரை லத்தி பிடித்தவருக்குப் பூஜ்யம். நியாயத் தராசு நன்றாகத்தான் இருக்கிறது!

கணக்குப் போட்டே பார்ப்போம். கற்ற நேரத்தைக் கிரெடிட் என்ற அலகால் அளக்கிறார்கள். 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி, 1200 மணி நேரக் கல்வி ஓராண்டு. அதற்கு 40 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120. காவலர் பயிற்சியில் ஆறு மாதத்தை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். பெருக்கினால் 1200 மணி! ஓராண்டு அப்படியே வந்து நிற்கிறது. "லெப்ட் ரைட் போட்டதற்கெல்லாமா கிரெடிட்?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகக் கவாத்தைக் கழித்து விடுவோம். சட்டம், புலனாய்வு, முதலுதவி இவற்றுக்குப் பாதி தாருங்கள். 20 கிரெடிட், அரையாண்டு. அதுகூடவா கூடாது?

தேசியக் கல்விக் கொள்கையோடு தமிழகத்துக்குள்ள வழக்கு வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம். அந்தக் கொள்கை பிறப்பதற்கு முன்பே பாலிடெக்னிக் மாணவனுக்கு இரண்டாமாண்டுக் கதவைத் திறந்து வைத்த மாநிலம் இது.

எல்லாப் பட்டத்துக்கும் எல்லாப் பயிற்சியும் பொருந்தாதென்பதை ஒப்புக் கொள்கிறோம். தமிழ் இலக்கியம் படிக்க வருகிறவர், கண்ணீர்ப் புகைக் குண்டு வீசத் தெரியும் என்று சலுகை கேட்க முடியாது. குற்றவியல் பட்டம் படிக்க வருகிறவர் கேட்கலாம். கனடாவில், நம் தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே கல்லூரிகளில் இரண்டாண்டுப் போலீஸ் டிப்ளமோ உண்டு. அதை முடித்தவர் பல்கலைக் கழகத்துக்குப் போனால், எந்தப் பாடம் கழியும், எது கழியாது என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இந்த மாறுதல்களைக் கவனிக்கவே 2011இல் தனி அமைப்பு ஒன்றையும் அந்த மாகாணம் ஏற்படுத்தியது.

இங்கோ, எழுதி வைத்தது எதுவென்றால் பொறிகள்தாம். 2009 ஆகஸ்டில் வந்த 107ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்கிறது. பத்தாம் வகுப்போடு காக்கி உடுத்தியவர் நேரே பட்டத்துக்குத் தாவினால், மூன்றாண்டு உழைப்பும் கட்டிய பணமும் காற்றிலே! முதலில் பிளஸ் டூ, பிறகே பட்டம். கிரெடிட்டைச் சேமிக்க 2021இல் ஒரு வங்கியையும் ஏற்படுத்தினார்கள். அதிலே பதிவு பெற்ற நிறுவனம் போட்டால்தான் வரவு. ஏழாண்டு போனால் செலவாகாத வரவும் செல்லாது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதியாவது, பட்டம் தரும் நிறுவனத்திலேயே படித்துப் பெற வேண்டும் என்பதும் விதி. ஆகவே, "போலீஸ் டிப்ளமோ தருகிறோம், பிறகு பட்டத்தில் சேர்த்துக் கொள்வார்கள்" என்று மாடிப்படியோரம் பலகை மாட்டியிருப்பவரிடம் பணம் கட்டுமுன் அம்பத்தூர் இளைஞன் ஒன்று கேட்க வேண்டும்: எந்தப் பல்கலைக் கழகம் சேர்த்துக் கொள்ளும்? எத்தனை கிரெடிட்? எழுத்திலே கொடு! வாய்ச்சொல்லுக்கு ரசீது கிடையாது.

ஏழாண்டுக் கெடுவைச் சற்று நினையுங்கள். காவலருக்குப் படிக்க மூச்சு விட நேரம் கிடைப்பதே பணியில் பத்தாண்டு கழிந்த பிறகுதான். அவருக்குப் பழைய பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. இத்தனை ஆண்டில் கற்றதைத் தேர்வு வைத்து எடை போட்டு மதிப்புத் தரவும் வழி வேண்டும். முன்கல்வியை மதிப்பிடும் அந்த முறைக்கு, மேலே சொன்ன தேசியக் கட்டமைப்பே இடம் தருகிறது.

காவல் துறைத் தலைமையகம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. 2002இல் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. குற்றவியல் பட்டமும் அங்கே உண்டு. இரண்டும் மாநில அரசின் கீழ் உள்ளவை. பயிற்சிப் பாடத்திட்டத்தை ஒரு மேசையிலும் பட்டப் பாடத்திட்டத்தை மறு மேசையிலும் விரித்து, இதற்கு இது ஈடு என்று ஒரு பட்டியல் தயாரிக்க டில்லிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அடுத்த அணி ஆவடித் திடலில் உறுதிமொழி ஏற்கும் முன்னே அந்தப் பட்டியல் அச்சாகி, ஒவ்வொரு காவலர் கையிலும் வரட்டும்.