ஆஸ்கர் பரிந்துரை: ஐந்தில் இரண்டுதான் பொருந்தியது ஏன்?

ஆஸ்கர் பட்டியலைக் கணிக்கிறவங்க முதலில் சங்க விருதுகளைத்தான் பார்ப்பாங்க. 2012 படங்களுக்கு அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் பரிந்துரைத்த ஐவரில் ஸ்பீல்பெர்க், ஆங் லீ இருவர் மட்டுமே ஆஸ்கர் பட்டியலிலும் வந்தார்கள். 'ஆர்கோ' எடுத்த பென் அஃப்லெக் இல்லை. ஆனா சங்க விருது அவருக்கு, சிறந்த பட ஆஸ்கர் 'ஆர்கோ'வுக்கு!

இதுக்கு இரண்டு விஷயம் இடம் கொடுக்குது. சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர், அகாதமியின் இயக்குநர் பிரிவில் சில நூறு பேர்தான். அவங்க விருப்ப வரிசைப்படி வாக்களிக்கணும். 300 வாக்கு, 5 இடம் என்றால் 51 எடுத்தால் போதும். ஆறு பேருக்கு 51 கிடைக்க வழியில்லை. 300 பேருக்கும் இரண்டாவது விருப்பமா இருந்து, ஒருத்தருக்கும் முதல் விருப்பமா இல்லாதவர் முதல் சுற்றிலேயே காலி.

அதனால "எல்லாருக்கும் பிடிக்குமா?"ன்னு கேட்காதீங்க. "ஆறில் ஒருத்தர் இதை முதலில் எழுதுவாரா?"ன்னு கேளுங்க.