ஹோம்ஸ்டே வாடகை: 15 விழுக்காட்டைக் கூட்டினால் போதாது

கேமரன் மலை: பள்ளி விடுமுறை வந்தால் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறுகின்றனர். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பகுதிகளில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவோருக்கு அதுதான் வருமானக் காலம். ஆனால், முன்பதிவுத் தளங்களின் கட்டணத்தைத் தவறாகக் கணக்கிட்டால் அந்த வருமானம் கரையும்.

ஓர் இரவுக்கு 200 வெள்ளி கைக்கு வரவேண்டும், தளம் 15 விழுக்காடு பிடிக்கிறது என வைத்துக்கொள்வோம். 200 வெள்ளியுடன் 15 விழுக்காட்டைக் கூட்டி 230 வெள்ளி விலை வைப்பது தவறு. பிடித்தம் 230 வெள்ளிக்குக் கணக்கிடப்படும். 34.50 வெள்ளி கழிந்து 195.50 வெள்ளிதான் கிடைக்கும். மாதம் 20 இரவுகளுக்கு 90 வெள்ளி நட்டம். கூட்டாமல் வகுக்க வேண்டும். 200ஐ 0.85ஆல் வகுத்தால் கிடைக்கும் 235.29 வெள்ளியே சரியான விலை.

ஏர்பிஎன்பி தளத்தில் இன்னொரு முறையும் உண்டு. வீட்டுக்காரரிடம் 3 விழுக்காடு பிடித்து, எஞ்சியதை விருந்தினரிடம் வாங்குவார்கள். அப்போது 206.19 வெள்ளி விலை போதும். விருந்தினர் கட்டணம் 14 விழுக்காடு என்றால், அவர் செலுத்துவதும் ஏறக்குறைய அதே 235 வெள்ளிதான். ஆகவே, தம் கணக்கு எந்த முறையில் உள்ளது எனத் தெரியாமல் பக்கத்து வீட்டின் விலையைப் பின்பற்றக் கூடாது.

துப்புரவுக் கட்டணத்திலும் ஏர்பிஎன்பியில் பிடித்தம் உண்டு. 15 விழுக்காடு முறையில் 50 வெள்ளிக்கு 42.50 வெள்ளிதான் மிஞ்சும். ஈரமும் குளிரும் நிறைந்த மலையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தும் செலவு அதற்குள் அடங்குமா என்று பார்த்த பிறகே, ஓரிரவு முன்பதிவை ஏற்பது நல்லது.