முகவரி யார் பெயரில் இருக்கிறது?

2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 1994-ல் தொடங்கிய அந்தச் சேவையில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு பக்கம் போட்டுக்கொள்ளலாம். சினிமாப் பைத்தியம், பூனை வளர்ப்பு, குடும்பப் படங்கள், கணக்குப் பாடம் என்று ஊர் உலகத்து ஆர்வம் அத்தனையும் அங்கே குடியிருந்தது. 1999-ல் யாகூ அதை விலைக்கு வாங்கியது. பத்து ஆண்டில் கடையைக் கட்டியது. இணைய ஆவணக் காப்பகமும் சில தன்னார்வலர்களும் அவசர அவசரமாக நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. சமூக வலைதளமான மைஸ்பேஸின் கதை இன்னும் மோசம். 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிவைத்த பாடல்கள் சர்வர் மாற்றும் வேலையில் அழிந்துபோய்விட்டன என்று 2019-ல் தெரியவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் பிளஸும் போய்ச் சேர்ந்தது.

பியூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை.

சமையல், மாடித் தோட்டம், உள்ளூர் வரலாறு, போட்டித் தேர்வுப் பாடம் என்று தமிழில் இன்று நன்றாக எழுதுகிற பலர் ஏதாவது ஒரு சமூக வலைதளத்தின் பக்கத்தில்தான் எழுதுகிறார்கள். அது வாடகை வீடு. வாடகையைப் பணமாக வாங்காததால் நமக்கு அது உறைப்பதில்லை. பின்தொடர்பவர் பத்தாயிரம் பேர் இருந்தாலும், இன்றைய பதிவை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்வது அந்த நிறுவனத்தின் நிரல். கணக்கு முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியாது.

சொந்த இணையதளம் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்த்த பிறகு மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் இந்த ஏற்பாடு திணறியது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் அதற்கு மாற்றாக டிஎன்எஸ் முறையை வகுத்தார். நாற்பது ஆண்டு கடந்தும் இணையம் அதன்மேல்தான் ஓடுகிறது.

ஒரு முகவரியை உலாவியில் அடித்ததும், டிஎன்எஸ் அதை வலமிருந்து இடமாகப் படிக்கும். முகவரி '.இன்' என்று முடிந்தால், அந்தப் பிரிவின் பட்டியல் எங்கே என்று முதலில் மூல சர்வர்களில் ஒன்றைக் கேட்கும். ஏ முதல் எம் வரை 13 எழுத்துகளில் பெயர் பெற்றவை அவை. பிறகு '.இன்' பட்டியல் வைத்திருக்கும் சர்வர். அடுத்தது உங்கள் பெயருக்குப் பொறுப்பான சர்வர். கடைசியில் கையில் கிடைப்பது ஓர் எண். அந்த எண்ணுள்ள கணினியில்தான் உங்கள் பக்கம் இருக்கிறது. ஏற்கெனவே கேட்ட விடைகளை வழியிலுள்ள கணினிகள் நினைவில் வைத்திருப்பதால் பெரும்பாலும் இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்காது.

இந்த ஏற்பாட்டின் அழகே பெயரும் இடமும் தனித்தனியாக இருப்பதுதான். பெயரை ஒரு நிறுவனத்தில் பதியலாம், பக்கங்களை இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கலாம். சர்வர்காரர் விலையை ஏற்றினால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய், டிஎன்எஸ்ஸில் எண்ணை மாற்றினால் போதும். சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஓரிரு நாளில், அதே முகவரி புது இடத்துக்கு வழிகாட்டும். வாசகருக்கு நீங்கள் இடம் மாறியதே தெரியாது. சமூக வலைதளத்தில் பெயரும் இடமும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பினால் பெயரை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

டொமைன் எனப்படும் இந்தப் பெயரையும் யாரும் முழுதாக வாங்கிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், '.காம்' என்றால் ஒரே மூச்சில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்குக் கட்டலாம். கட்டத் தவறினால் சில வாரம் அவகாசம் உண்டு. அதுவும் போனால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். நன்றாக ஓடிய தளத்தின் பெயருக்காகவே காத்திருக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். பதிவு நிறுவனங்களின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாண்டு விலை. இரண்டாம் ஆண்டு விலையைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தமிழிலேயே முகவரி வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்று தமிழ் முடிவுகள் புழக்கத்தில் உண்டு. உள்ளுக்குள் அவை 2003-ல் வகுத்த பியூனிகோட் முறைப்படி ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் பயணிக்கின்றன. ஆசைக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் அதைக் கண்டு மிரளுவதால், முதல் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் எண்ணம்.

இனி இடம். இங்கே இயற்பியல் குறுக்கே வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டாலும் போய்வர 0.13 நொடி ஆகும். உலாவியும் சர்வரும் இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, ரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு முறை என்று வழக்கமாக மூன்று முறை போய்வர வேண்டும். முதல் எழுத்து தெரிவதற்குள் 0.4 நொடி கழிந்துவிடும். சர்வர் மும்பையில் இருந்தால் ஒரு முறை போய்வர 0.01 நொடிதான். ஒரு நொடிக்கு மேல் தாமதமானால் வாசகரின் எண்ண ஓட்டம் தடைபடும் என்பது இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-ல் எழுதிய வரம்பு. இன்றும் அதுதான் அளவுகோல். வாசகர் இங்கே இருந்தால் சர்வரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சர்வர் முதல் தவணையில் அனுப்புவது சாதாரணமாகப் பத்துப் பொட்டலம், ஏறத்தாழ 14 கிலோபைட். அது சேர்ந்ததற்கு ஒப்புகை வந்த பிறகே அடுத்த தவணை. அந்த 14-க்குள் என்ன அடங்கும்? கணினியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை. 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடு, 15 பைட். 800 சொல் கட்டுரை 20 கிலோபைட்டைத் தாண்டும். ஆனால் தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட்டிலும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது கணினிக்குச் சுலபம். சர்வரில் சுருக்கும் வசதியைத் திறந்துவிட்டால் கட்டுரை முழுவதும் முதல் தவணையிலேயே வந்து இறங்கிவிடும். செல்பேசியில் எடுத்த படம் ஒன்று அப்படியே ஏற்றினால் 3 அல்லது 4 மெகாபைட். அந்த ஒரு படத்தின் எடையில் இப்படிப்பட்ட கட்டுரை நூறுக்கு மேல் போடலாம். படத்தின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுவது அலங்காரத்துக்குச் செலவிடும் எந்த உழைப்பைவிடவும் பலன் தரும்.

எதை வைத்துத் தளம் கட்டுவது என்பதில் பெரிய தத்துவம் இல்லை. 2003-ல் பிறந்த வேர்ட்பிரஸ்தான் உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேலானவற்றை இயக்குகிறது. உதவிக்கு ஆள் எளிதில் கிடைப்பார்கள். அதன் நீட்சிகளைப் புதுப்பிக்காமல் விட்டால் திருடர்களுக்கும் அது எளிது. அடிக்கடி மாறாத பக்கங்கள் என்றால் வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளே போதும். பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். தமிழ் இணையம் பட்டுத் தெரிந்துகொண்டது இது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியது. அதில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அன்றைக்குத் தமிழுக்குப் பொதுவான குறியீடு கையில் இல்லை. ஒவ்வொரு தளமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த தனி எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் கவிதை. இல்லாவிட்டால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஆங்கிலக் கிறுக்கல். பொதுக் குறியீடான யூனிகோட் பரவி, 2010-ல் தமிழக அரசும் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தப் பழைய பக்கங்களில் பல, கோப்பு அழியாமலே படிக்க முடியாதவை ஆயின. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பிழைத்ததற்குக் காரணம் அதன் தொண்டர்கள். நூல்களைத் தட்டச்சு செய்ததோடு நிற்காமல், குறியீடு மாறியபோதெல்லாம் புதிய குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

எழுத்தை எழுத்தாக வைக்காத அந்தத் தவறை நாம் இன்று வேறு வடிவத்தில் செய்கிறோம். வண்ணப் பின்னணியில் தமிழ் வாசகங்களைப் பொறித்து, படமாக்கி ஏற்றுகிறோம். அதில் சொல் கிடையாது, புள்ளிகள்தான் இருக்கின்றன. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. ஒரு வரியை நகலெடுக்க முடியாது. தேடுபொறிக்கும் அதை நம்பிக் கொடுக்க முடியாது. மருத்துவக் குறிப்பையும் அரசுத் திட்ட விவரத்தையும்கூட இப்படிப் படமாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. உலகின் முதல் இணையதளத்தை, டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் கட்டியதை, இன்றும் பழைய முகவரியில் திறந்து பார்க்கலாம். 2013-ல் செர்ன் அதை மீட்டு வைத்தது. 1990-களின் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பக்கம் இன்றைய செல்பேசியிலும் தடங்கல் இல்லாமல் தெரிகிறது. அதில் எழுத்தும் இணைப்பும் தவிர வேறெதுவும் இல்லை.

சரி, படிப்பார்களா? 1997-ல் நீல்சன் நடத்திய சோதனையில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 சதவீதம். 2006-ல் 232 பேரின் கண் அசைவைப் பதிந்து பார்த்தபோது, மேலே ஓரிரு வரிகளைக் குறுக்காகப் பார்த்துவிட்டு இடது ஓரமாகக் கீழே இறங்குவது தெரிந்தது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், பொருள் முன்னால் வரும். மேய்கிற கண்ணுக்கு இது வசதி. அந்த இடத்தில் 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கினால் அந்த வசதி வீண். தமிழ்ச் சொற்கள் நீளம், செல்பேசித் திரை குறுகல். ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான் பிடிக்கும். ஆறு வரிப் பத்தி அச்சில் சிறியது, செல்பேசியில் திரை முழுக்க நிற்கும். கீழ்நோக்கி வால் இறங்கும் நம் எழுத்துக்கு வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வேண்டும்.

தலைப்பைப் பற்றிப் பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் சொன்ன கருத்து இங்கே உதவும். ஒரு பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து, மிச்சம் தெரியாமல் இருக்கும்போதுதான் ஆவல் பிறக்கிறது என்றார் அவர். ஒன்றுமே தெரியாத இடத்தில் ஆவலும் இல்லை. 'மாடித் தோட்டம்: சில குறிப்புகள்' என்ற தலைப்பில் அப்படிப்பட்ட இடைவெளியே கிடையாது. 'தக்காளி இலை சுருண்டால்: உரக் குறைவா, வெள்ளை ஈயா?' என்றால், சுருண்ட இலையை நேற்று பார்த்தவர் நின்று படிப்பார். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்ற விடையை இரண்டாம் பத்தியிலேயே கொடுத்துவிடுங்கள். 'அதிர்ச்சி', 'மிரண்டுபோவீர்கள்' வகைத் தலைப்பும் வேலை செய்யும், மறுக்கவில்லை. அப்வொர்த்தி தளத்தின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தலைப்பு வடிவங்களை அலசிய 2023 ஆய்வில், எதிர்மறைச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் சொடுக்கு விகிதம் 2.3 சதவீதம் ஏறியது. அதிகம் என்றா சொல்கிறீர்கள்? நூறு பேர் வந்த இடத்தில் இரண்டு பேர் கூடுதல். அந்த இரண்டு பேருக்காக மற்ற நூறு பேரின் நம்பிக்கையைப் பணயம் வைப்பது மோசமான வியாபாரம்.

சமூக வலைதளத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. கட்டுரையை முதலில் உங்கள் தளத்தில் ஏற்றுங்கள், பிறகு அதன் இணைப்பை அங்கே பகிருங்கள். ஒருமுறை வெளியிட்ட பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். மாதம் ஒருமுறை தளத்தின் முழு நகலை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள், முக்கியமாகத் தெரிந்த பையன் ஒருவனிடம் சொல்லிக் கட்டியவர்கள், இன்றே ஒரு வேலை செய்யுங்கள். டொமைன் பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி உள்ளே நுழைந்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர், யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், அந்தப் பையனோடு உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.