பூட்ஸுக்குள் ஒரு கட்டை: அன்றும் இன்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குதிரையேறிவிட்டு வீடு திரும்பும் பிரபு தன் பூட்ஸைத் தானே கழற்றுவது அரிது. காயவைப்பது அதனினும் அரிது. அதற்கென்று பணியாள் இருந்தார். சேற்றைத் துடைத்த கையோடு அவர் மரத்தாலான 'பூட் ட்ரீ'யை எடுப்பார். அது ஒற்றைக் கட்டை அல்ல. பாதத்தோடு சேர்ந்த முன்துண்டு ஒன்று, கெண்டைக்காலின் வளைவோடு செதுக்கிய பின்துண்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவே இறங்கும் நீண்ட ஆப்பு ஒன்று. சிலவற்றில் இன்னும் கூடுதல் துண்டுகளும் உண்டு. முன்னும் பின்னும் துண்டுகளை நிறுத்திவிட்டு ஆப்பை மேலிருந்து அழுத்தினால், உள்ளே கட்டை விரிந்து தோல் விறைத்து நிற்கும். நாளெல்லாம் அங்கவடியில் ஊன்றியதில் கணுக்காலைச் சுற்றி விழுந்த சுருக்கங்கள் அந்த இறுக்கத்தில் மெல்லத் தளரும். இரவு முழுக்க பூட்ஸ் அப்படியே நிற்கும். காலையில் முதலில் ஆப்பைத்தான் உருவ வேண்டும். அது வராமல் மற்றத் துண்டுகள் அசையாது.

குன்னூரை அடுத்த வெலிங்டனுக்குப் பெயர் தந்த அதே வெலிங்டன் பிரபு, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் கடை வைத்திருந்த ஜார்ஜ் ஹோபியிடம் பூட்ஸ் செய்துகொண்டவர். அந்தக் காலத்து அதிகாரிக்கு பூட்ஸ் என்பது உடுப்பின் பாதி மரியாதை. நல்ல கன்றுத்தோல் பூட்ஸ் நினைத்தபோதெல்லாம் வாங்கும் பொருளும் அல்ல. ஒரு ஜோடியைப் பல ஆண்டு உழைக்க வைத்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் அந்தக் கட்டை.

கட்டை செய்வது ஒரே ஒரு வேலை. தோல் காய்கிற நேரம் முழுவதும் அதை வடிவத்தோடு நிறுத்தி வைக்கிறது. மரம் போய் பிளாஸ்டிக் வந்ததும், கை போய் இயந்திரம் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த மாற்றங்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்தக் காயும் நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்பது மாறிவிட்டது.

அச்சில் கழிந்த நாட்கள்

ஷூவுக்கு முதலில் வடிவம் கிடைப்பது செய்பவரின் அச்சுக்கட்டையில். தொழிற்சாலைகளில் இதை 'லாஸ்ட்' என்பார்கள். பாதம் போலச் செதுக்கிய அந்தக் கட்டையின் மேல் ஈரப்படுத்திய தோலைப் போர்த்தி, விளிம்பைக் குறட்டால் பற்றி இழுத்து, அடிப்பக்கம் சிற்றாணி அடித்து நிறுத்துவது பழைய முறை. விரல்நுனிப் பகுதிதான் கைக்குச் சோதனை. அங்கே மிஞ்சும் தோலைச் சின்னச் சின்ன மடிப்பாகக் கூட்டி, ஒரு மடிப்பும் மேலே தெரியாதபடி அடிக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பிறகு காத்திருக்க வேண்டும். தோல் என்பது பின்னிக் கிடக்கும் கொலாஜன் இழைகள். ஈரத்தில் இழைகள் நழுவும். உலர உலர, இருந்த நிலையிலேயே இறுகும். எந்த நிலையில் உலர்கிறதோ அதுவே அதன் வடிவம். இதை அறிந்த கைவினைஞர்கள் ஷூவை நாட்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், அச்சிலேயே விட்டு வைத்தார்கள்.

அன்றைய அச்சு எல்லா வகையிலும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. 1800-ஐ ஒட்டிய காலம்வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டு, ஐரோப்பாவில் இடது வலது வேறுபாடில்லாத ஷூக்களே பரவலாக இருந்தன. ஒரே அச்சில் இரண்டு காலுக்கும் செய்துவிடுவார்கள். வேறுபாட்டை அணிந்தவரின் பாதம்தான் வலியோடு நடந்து நடந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இடது வலது ஷூக்கள் திரும்பி வந்து பரவியதற்குத் துணைசெய்தது ஒரு துப்பாக்கி இயந்திரம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளாஞ்சர்ட், துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடைவதற்காக 1819-ல் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சக்கரம் மாதிரிக் கட்டையைத் தடவிக்கொண்டு போக, இன்னொரு சக்கரம் அதே மேடுபள்ளங்களைப் புதுக்கட்டையில் வெட்டும். தெருமுனைச் சாவிக்கடையில் நகல் சாவி எடுக்கிற அதே உபாயம். ஷூ அச்சுக்கும் இந்த இயந்திரம் வந்தபோது, இடது, வலது, நீளம், அகலம் என்று வகைவகையான அச்சுகள் மலிவாகக் கிடைத்தன.

அச்சின்மேல் தோலை இழுத்துப் பூட்டும் வேலை மட்டும் நெடுநாள் கைவேலையாகவே இருந்தது. தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்து, அமெரிக்காவின் லின் நகர ஷூ தொழிற்சாலையில் வேலைசெய்த யான் மாட்ஸெலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, 1883-ல் அதற்கும் ஓர் இயந்திரம் கண்டார். தேர்ந்த கைவேலைக்காரர் ஒரு நாளில் 50 ஜோடி முடித்த இடத்தில், இயந்திரம் 150 முதல் 700 ஜோடிவரை முடித்தது. ஷூ சாமானியர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. அந்த மாற்றத்தை முழுதாகக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1889-ல், 36 வயதில், காசநோய்க்குப் பலியானார்.

ஆம்பூரில் சில நிமிடங்கள்

நம் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் முதலில் தோலுக்குப் பெயர் பெற்றது, ஷூ பிறகு வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போகும். 1973-ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் வரம்பு விதித்தது. தோலை அனுப்பிக்கொண்டிருந்த ஊர்கள் ஷூவையே செய்து அனுப்பத் தொடங்கின.

இன்று அந்தத் தொழிற்சாலைகளில் அச்சு பிளாஸ்டிக்கால் ஆனது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப ஊதும், சுருங்கும். பிளாஸ்டிக் ஒரே அளவில் நிற்கும். நடுவில் கீல் இருப்பதால் மடக்கி உருவுவதும் சுலபம். தோல் பூட்டிய அச்சு, சூடும் ஈரமும் கொடுக்கும் அறைக்குள் நுழைந்து, அடுத்துக் குளிரூட்டும் அறை வழியாக வெளியே வருகிறது. முன்பு நாட்கணக்கில் நடந்தது சில நிமிடங்களில் முடிகிறது. அச்சு உடனே அடுத்த ஷூவுக்குப் போய்விடும். ஷூவின் வடிவத்தை அதன்பிறகு காப்பது, விரல்பகுதியில் திணித்த காகிதப் பந்தும் பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலமும்தான். ஷூ வாங்கியதும் நாம் முதலில் தூக்கி எறிவதும் அவற்றைத்தான்.

இந்த வேகத்தை நான் குறைசொல்லவில்லை. இது இல்லாவிட்டால் உலகத்தில் பாதிப்பேர் ஷூவைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் செய்பவர் மிச்சப்படுத்திய நேரம், அணிபவர் கணக்கில் ஏறியிருக்கிறது. அது பெரும்பாலோருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அளவிலும் ஒரு பாக்கி இருக்கிறது. இந்தியாவில் நாம் வாங்கும் ஷூ ஐரோப்பிய, பிரிட்டிஷ் அளவுமுறைகளைப் பின்பற்றியது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தது. நம் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. அகலத்துக்காக நீளம் கூடிய ஷூவை வாங்கிக்கொள்கிறோம். அப்போது பாதம் மடியும் இடமும் ஷூ மடிவதற்கென்று வடிவமைத்த இடமும் பொருந்துவதில்லை. தப்பான இடத்தில் விழும் மடிப்பை எந்தக் கட்டையாலும் திருத்த முடியாது. நம் பாதத்துக்கான அளவுமுறை நடைமுறைக்கு வருவதுதான் இதற்குத் தீர்வு.

கட்டை இன்று

பூட் ட்ரீயின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஷூ ட்ரீ. லண்டனின் ஜான் லாப் போன்ற, காலளவெடுத்துச் செய்யும் கடைகளில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் மர அச்சும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அதே அச்சின் வடிவில் செதுக்கிய ஷூ ட்ரீயும் அங்கே செய்து தருவார்கள். மற்றவர்களுக்குக் கடையில் கிடைப்பது, விரல்பகுதி இரண்டாகப் பிளந்து, நடுவில் ஸ்பிரிங் குழாயோடு வரும் கட்டை. நல்லது சிவப்பு செடாரில் இருக்கும். அமெரிக்காவில் வளரும் அந்த மரம் உண்மையில் ஜூனிப்பர் இனம். ஒருகாலத்தில் பென்சில் செய்யப் பேர்போனது. வார்னிஷ் பூசாமல் விட்டால் ஈரத்தை உறிஞ்சும், மணமும் தரும். வார்னிஷ் பூசிய கட்டை வடிவத்தைப் பிடிக்கும், ஈரத்தை எடுக்காது.

பயன்படுத்துவது கடினமல்ல. ஷூவைக் கழற்றியதும், நாடாவை நன்றாகத் தளர்த்தி, முன்துண்டை விரல்பக்கம் நுழைத்து, ஸ்பிரிங்கை அழுத்தியபடி குதிகால் துண்டை இறக்க வேண்டும். நடக்கும்போது விழுந்த குறுக்கு வரிகள் கண்ணெதிரே தட்டையாகும். முழுக்க மறையாது, மறையவும் வேண்டாம். வரியோடு காய்ந்து, மறுநாளும் அதே வரியில் மடிந்து, வியர்வை உப்பும் தூசியும் அதில் தங்கி, ஒருநாள் தோல் வெடிப்பதைத் தடுத்தால் போதும். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அவை சும்மா இருப்பதில்லை. ஒருநாள் அணிந்த தோல் ஷூவுக்கு மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான். ஸ்பிரிங் கம்பி நுனியில் சிறு குமிழ் மட்டும் வைத்த மலிவான வகையைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் குமிழ் குதிகால் பகுதியை ஒரே இடத்தில் குத்தித் தள்ளி வடிவத்தைக் கெடுக்கும்.

ஆனால் இன்று பெரும்பாலோர் காலில் இருப்பது தோல் ஷூவே அல்ல. துணியும் ரெக்ஸினும் ஃபோமும் ஒட்டிய ஸ்னீக்கர். பெரம்பலூர் எறையூரில் குரோக்ஸ் காலணிக்காகத் தொழிற்சாலையே வந்துவிட்டது. வார்ப்பில் ஊற்றி எடுக்கும் அந்த வகைக் காலணிக்குக் கட்டை தேவையில்லை. கொளுத்தும் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் மட்டும் சுருங்கிப்போகும். ஸ்னீக்கரின் சிக்கல் வேறு. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். அணியாமல் பெட்டியில் பத்திரப்படுத்தியது, சில ஆண்டு கழித்து எடுத்தால் பிய்ந்து உதிரும். மேல்பாகத்தைக் கட்டை காப்பாற்றும், அடியை அதனால் காப்பாற்ற முடியாது. அன்றைய பூட்ஸின் அடி தேய்ந்தால் பிரித்து மாற்றித் தைத்தார்கள். ஒட்டி வார்த்த அடிக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. வடிவத்தைக் காக்கும் பழக்கம் குறைந்ததற்கு நம் சோம்பல் மட்டும் காரணமில்லை. காத்தாலும் பலனில்லாதபடி பொருளே அமைந்துவிட்டது.

ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது

பழைய காலத்தை ஏங்கிப் பார்க்க எனக்கு மனமில்லை. பூட் ட்ரீ இருந்த வீட்டில் அதைத் திணிக்கப் பணியாளும் மாற்றிப் போட இன்னொரு ஜோடியும் இருந்தன. நம் ஊரிலோ, ஆதிக்கச் சாதியினரின் தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்தவர்களுக்கும் அதே கதிதான். இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு விலையில்லாக் காலணி கிடைக்கிறது. வெலிங்டன் காலத்துப் பூட்ஸ் எத்தனை அழகாக இருந்தாலும் இந்த மாற்றத்துக்கு ஈடாகாது.

ஆனால் கால் நிறைய ஷூ வந்த இந்தக் காலத்திலும், ஷூவுக்கு ஓய்வு என்பது இரண்டு ஜோடி வைத்திருப்பவருக்கே கிடைக்கிறது. ஒரே ஜோடிக் கறுப்பு ஷூவைத் திங்கள் முதல் வெள்ளிவரை போட்டுப் போகும் பிள்ளைக்கு அது இல்லை. ஐப்பசி மழையில் நனைந்த ஷூவை மறுநாள் காலையில் ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போகிறது. நாற்றமும் விரலிடுக்குப் புண்ணும் பிறகு வருகின்றன.

அந்த வீட்டுக்கு செடார் கட்டை வேண்டியதில்லை, பழைய செய்தித்தாள் போதும். உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவித் தனியாகக் காயவைத்து, தாளைத் தளர்வாகக் கசக்கி விரல்நுனிவரை நிரப்ப வேண்டும். தாள் ஈரமாக ஈரமாக இரண்டு மூன்று தடவை மாற்றி, மின்விசிறியின் கீழே வைக்க வேண்டும். அடுப்பருகே வைத்தாலும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலும் தோல் விறைக்கும், ரெக்ஸின் உரியும், பசை விடும்.

பள்ளிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மழை மாதங்களில் ஷூ கட்டாயம் என்பதைத் தளர்த்தி, வார் வைத்த செருப்பை அனுமதிக்கலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அன்று பிரபுவின் பூட்ஸுக்குப் பணியாள் கொடுத்த அந்த ஓர் இரவை, இன்று ஒரே ஜோடி வைத்திருக்கும் பிள்ளையின் ஷூவுக்குப் பள்ளிதான் கொடுக்க முடியும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தலைமையாசிரியர்கள் இதை ஒரு சுற்றறிக்கையாக எழுதிவிடலாம்.