பாலிஸிக் காகிதத்தில் இரண்டு கணக்குகள்

நீண்ட காலச் சேமிப்புப் பாலிஸி எடுக்க முனைவோரிடம் இன்று ஒரு பட்டியல் காட்டப்படுகிறது. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பிரிமியம் ஒரு பக்கம். பாலிஸி முதிரும்போது கைக்கு வரக்கூடிய தொகை மறுபக்கம். அத்தொகை இரு விதமாகக் கணக்கிடப்பட்டிருக்கும்: முதலீட்டில் ஆண்டுக்கு 4 சதவீதம் கிடைத்தால் இவ்வளவு, 8 சதவீதம் கிடைத்தால் இவ்வளவு என்று. பெரும்பாலோர் கண் பெரிய தொகையின்மீதே சென்று தங்கிவிடுகிறது. அது மனித இயற்கை. எனினும் அப்பட்டியலைப் படிக்கும் முறை ஒன்று உண்டு.

இந்த 4, 8 என்ற எண்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி வந்தவை. லாபத்தில் பங்கு தரும் பாலிஸிகளுக்கும், சந்தையோடு பிணைந்த பாலிஸிகளுக்கும் கம்பெனிகள் இவற்றைக் கொண்டே கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் மனம்போன போக்கில் 12, 15 என்று போட்டுக் காட்டினால், வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்ஙனம்? ஆகவே அவை அளவுகோல்களே, ஆரூடம் அல்ல. 4-க்குக் கீழே இறங்காது என்றோ, 8-ஐத் தாண்டாது என்றோ பொருளில்லை.

மேலும், அந்த 8 சதவீதம் கம்பெனியின் முதலீடு ஈட்டுவதாகக் கொள்ளும் வருவாய். ஏஜெண்டின் கமிஷன், நிர்வாகச் செலவு, உயிர்க்காப்புக்கான கட்டணம் ஆகியவை கழிந்த பின் எஞ்சுவதே நமக்கு. 'எட்டு சதவீத வட்டி' என்று யாரேனும் சொன்னால், நேயர்கள் அவரைச் சற்று நிறுத்திக் கேட்க வேண்டும்.

போனஸைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ் என்றால், கட்டிய பணத்துக்கு நாலரை சதவீத வட்டி எனப் பலர் எண்ணுகின்றனர். அது காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய். பெரும்பாலான பாலிஸிகளில் அப்போனஸ் மேலும் வட்டி ஈட்டாமல், முதிர்வு நாள் வரை அப்படியே கிடக்கும். அறிவித்துச் சேர்த்துவிட்ட போனஸ் நம்முடையது. இனி அறிவிக்கப்போவது யாருடைய உறுதியும் அன்று.

இனிச் சிறிது கணக்கு; கணக்கென்றால் கசப்போர் பொறுத்தருள்க. ஒருவர் ஆண்டுத் தொடக்கந்தோறும் 50,000 ரூபாயாக 20 ஆண்டுகள் கட்டுகிறார். கட்டியது 10 லட்சம். முடிவில் 20 லட்சம் வருகிறது. 'பணம் இரட்டிப்பு' என்கிறார்கள். உண்மையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 6.2 சதவீதமே. பதினைந்தரை லட்சம் வந்தால், அது வெறும் 4 சதவீதம். முதல் தவணை 20 ஆண்டுகள் உழைக்கிறது. கடைசித் தவணையோ ஓராண்டுதான் உழைக்கிறது. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுபவர் இந்தக் காலக் கணக்கைக் காண்பதில்லை.

அந்த 20 லட்சத்துக்கு அன்று என்ன வாங்கலாம்? விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இன்று 100 ரூபாய்க்கு விற்கும் பண்டம் 20 ஆண்டுகளில் 265 ரூபாயாகும். ஆக, அன்றைய 20 லட்சம் இன்றைய ஏழரை லட்சத்துக்கே சமம்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் மகளின் மருத்துவப் படிப்புக்கென்று 8 சதவீதக் கட்டத்திலிருந்த தொகையையே நம்பியிருந்தார். அவரும் நானும் அமர்ந்து, 'உறுதி செய்யப்பட்டது' என்று தனியே குறித்திருந்த தொகையைத் தேடினோம். அது அவர் எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவு. பாலிஸியை அவர் விடவில்லை. அதிலுள்ள உயிர்க்காப்பு அவர் குடும்பத்துக்குத் தேவைதான். ஆனால் படிப்புக்கு வேறு சேமிப்பையும் அன்றே தொடங்கினார். மகளுக்கு அப்போது வயது 6, காலம் இருந்தது.

வாங்குபவரும் விற்பவரும் அப்பட்டியலில் கையெழுத்திட வேண்டும் என்பது முறை. கையெழுத்திடுமுன் உறுதித் தொகையை வட்டமிட்டு, மீதியைத் தனியே பாருங்கள். பாலிஸி கைக்கு வந்தபின் மனம் மாறினாலும், 30 நாட்களுக்குள் திருப்பித் தரலாம். காப்பில் இருந்த நாட்களுக்கான கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதிப் பணம் திரும்பும். அந்த 30 நாட்களைக் கடந்து, முதற் சில ஆண்டுகளுக்குள் விடுவோர்க்குக் கட்டியதில் ஒரு பகுதியே கிடைக்கும்.