முத்து விளைஞ்சாச்சு, கணக்கு யார் பார்க்கிறது?

போன வாரம் ஊருக்கு, அதான் ஏரலுக்குப் போயிருந்தேன். எங்க சித்தி மக தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில பி.எஃப்.எஸ்சி. மூணாவது வருஷம் படிக்கா. மொத்தம் 4 வருஷப் படிப்பு. ஏரல் பஜார்ல பழக்கடை வச்சிருக்கிற சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம்: "இது சயின்ஸ் படிப்பா, யாவாரப் படிப்பா?"

ரெண்டும்தான். மீனோட உடற்கூறு, நோய், குஞ்சு பொரிப்பகம் ஒரு பக்கம். மீன்வளப் பொருளாதாரம், சந்தைப்படுத்தல், தொழில் மேலாண்மை இன்னொரு பக்கம். "அண்ணே, ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குது"ன்னு அவ சொன்னா. ஒட்டுற இடத்தைக் காட்ட நம்ம ஊர் முத்தே போதும்.

1973-ல தூத்துக்குடியில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட கே. அழகர்சுவாமியும் குழுவும் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினாங்க. ஓட்டுல செஞ்ச சின்ன மணியையும், இன்னொரு சிப்பியோட சதைத் துணுக்கையும் உயிருள்ள சிப்பிக்குள்ள வைக்கணும். அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைச் சுத்திப் பையாகும். அந்தப் பை மணி மேல முத்துப் பூச்சைச் சுரக்கும். 1981-ல சிப்பிக் குஞ்சையே பொரிப்பகத்துல உற்பத்தி பண்ணிட்டாங்க. அறிவியல் பாஸ்! ஆனா முத்து வளர்ப்பு இங்க பெரிய தொழிலா வளரல. நம்ம பாஷையில சொன்னா, 'என் லேப்டாப்புல ஓடுச்சே' கதைதான்.

ஏன்? ஒரு காரணம், நம்ம சிப்பி சின்னது, முத்தும் சின்னது. முத்து விலையோ அளவைப் பொறுத்து எகிறும். இன்னொண்ணு, கணக்கு. சும்மா ஒரு உதாரணம்: 1,000 சிப்பிக்கு ஆபரேஷன் பண்றோம். 400 செத்துப்போகுது. 300 மணியை வெளியே தள்ளிடுது. மிச்சம் 300-ல நல்ல முத்து 60-தான்னு வைங்க. செலவு 60-க்கு இல்ல, 1,000-க்கும்.

இதை அவ சொல்லிட்டிருக்கும்போது கேட்டுட்டிருந்த சித்தப்பா சிரிச்சுட்டார். "அழுகின பழத்துக்கும் சேர்த்துத்தானே நல்ல பழத்துக்கு விலை வைக்கோம்?"

அதான் ஒட்டுற இடம்! லேப் நோட்டுல 'இறப்பு விகிதம்'னு இருக்கிறது, கடை நோட்டுல 'நஷ்டம்'. எண் ஒண்ணுதான். சிப்பி ஏன் சாகுதுன்னு தெரிஞ்சவதான் அந்த எண்ணைக் குறைக்க முடியும். அது எவ்வளவு குறைஞ்சா கட்டுப்படியாகும்னு கணக்குத் தெரிஞ்சவதான் சொல்ல முடியும்.

ஜப்பான்ல மிகிமோட்டோ ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் மகன். உயிரியல் பேராசிரியர் மிட்சுகுரியோட யோசனையைக் கேட்டு 1893-ல அரை முத்து எடுத்தார். 1899-ல டோக்கியோ கின்ஸாவுல கடையும் போட்டார். ரெண்டு மூளையும் ஒரே மேஜையில உட்கார்ந்த கதை அது.

நம்ம பொண்ணுக்கு அந்த ரெண்டும் ஒரே தலையில. இப்போ ப்ராஜெக்ட் நோட்டுல ஒரு காலம் கூடுதலாப் போட்டிருக்கா: 'செத்தது – எவ்வளவு ரூபாய்?' சரிபார்க்கிறது சித்தப்பா.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம், மக்களே!